கடைக்குட்டி ஊதும் சங்கு!

60ம் 40ம் எவ்வளவு? '100'னு சொன்னா நீங்க நம்ம இன்ஜினீயரிங் கோஷ்டி. பயாலஜி குரூப்ல கேட்டுப் பாருங்க, '80'ம்பாங்க. நிஜமாத்தான்! நம்ம செல்லுல இருக்கிற ரைபோசோமோட பெரிய பாதி 60 எஸ், சின்ன பாதி 40 எஸ், ரெண்டும் சேர்ந்தா 80 எஸ். இந்த 'எஸ்' எடை இல்லை பாஸ். வேகமா சுத்துற மெஷின்ல போட்டா எவ்வளவு சீக்கிரம் அடியில போய் படியுதுங்கிற கணக்கு. வடிவத்தைப் பொறுத்தும் மாறும். அதனால கூட்டல் செல்லாது.

ரைபோசோம்னா புரதம் செய்யிற ஃபேக்டரி. அதுக்குள்ள நாலு ஆர்.என்.ஏ. மனுஷ செல்லுல 28 எஸ்ஸுக்கு சுமார் 5,000 எழுத்து, 18 எஸ்ஸுக்கு சுமார் 1,900. அப்புறம் ரெண்டு பொடிசுங்க. 5.8 எஸ்ஸுக்கு 160 எழுத்துக்குக் கிட்டே, 5 எஸ்ஸுக்கு வெறும் 120 சொச்சம். இதுல 5.8 எஸ் பாக்டீரியாவுல தனியா கிடையாது. அங்கே பெரிய ஆர்.என்.ஏ.வோட ஒரு முனையாவே ஒட்டிக்கிட்டிருக்கு. காசிமேட்டுல ஏலம் போற வஞ்சிரத்துக்கும், அதை வறுத்துத் தின்கிற நமக்கும்தான் தனித்துண்டு. சிதம்பரத்துல பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009ல் நோபல் வாங்கினாரே, அது பாக்டீரியா ரைபோசோமை ஆராய்ஞ்சதுக்கு. (அவர் பிஹெச்.டி. முடிச்சது ஃபிசிக்ஸ்ல. 'டிபார்ட்மென்ட் மாறிப் படிச்சா உருப்பட முடியாது'ங்கிற சித்தப்பாக்களுக்கு சமர்ப்பணம்!)

நம்ம ஹீரோ கடைக்குட்டி 5 எஸ். பாடப்புத்தகத்துல ஒரு வரியோட விட்டுடறாங்க. அநியாயம்!

திருவொற்றியூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு புல்லட் கதை தெரியும். 1955ல் என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்ச புதுசுல பாகமெல்லாம் இங்கிலாந்துலேர்ந்து வரும், மெட்ராஸ்ல பூட்டுவாங்க. எல்லாத்தையும் இங்கேயே செய்ய ஆரம்பிச்சது பிற்பாடு. செல்லுக்குள்ளயும் இப்படி ஒரு ஷெட் இருக்கு. பேரு நியூக்ளியோலஸ். 28 எஸ், 18 எஸ், 5.8 எஸ் மூணும் ஒரே நீளக் கயிறா அங்கேயே தயாராகி, துண்டு துண்டா வெட்டப்படுது. 5 எஸ் மட்டும் வெளியூர் சரக்கு. முதலாம் குரோமோசோம்ல, வேற என்ஸைம் தயாரிக்குது. எல்5, எல்11னு ரெண்டு புரதங்கள் அதைக் கைத்தாங்கலா ஷெட்டுக்குக் கூட்டிட்டு வரும்.

திடீர்னு ஷெட்ல வேலை நின்னு போச்சுன்னா? ஃபேக்டரியா இருந்தா வந்த சரக்கு குடோன்ல தூங்கும். இங்கே அப்படி இல்லை. 5 எஸ்ஸும் அதோட ரெண்டு தோழர்களும் நேரா போய் எம்.டி.எம்.2ங்கிற புரதத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். இந்த எம்.டி.எம்.2வோட அன்றாட வேலை, பி53ங்கிற இன்னொரு புரதத்தை அழிக்கிறது. இது மாட்டிக்கிட்டதும் பி53 எகிறும். 'பிரியாதே, நில்லு!'னு செல்லுக்கு உத்தரவு போடும். நிலைமை மோசம்னா செல் தன்னைத் தானே முடிச்சுக்கும். வடசென்னைக்காரங்களுக்கு சங்குக்கு ரெண்டு அர்த்தமும் தெரியுமே! ஷிஃப்ட் முடிஞ்சாலும் ஊதுவாங்க, ஆளு முடிஞ்சாலும் ஊதுவாங்க. ரெண்டையும் ஊத வைக்கிறது இந்தப் பொடியன். இதுல 5 எஸ்ஸுக்கே நேரடிப் பங்கு இருக்குன்னு 2013ல்தான் ஆய்வுகள் தெளிவாக்கிச்சு.

சங்கு சரியான நேரத்துல ஊதினா புத்துநோய்க்கு எதிரா ஒரு காவல். தப்பான இடத்துல ஊதினா? டைமண்ட்-பிளாக்ஃபேன் அனீமியான்னு ஒரு அபூர்வ நோய். ரைபோசோம் புரதத்துக்கான ஜீன் ஒண்ணுல கோளாறு, பெரும்பாலும் முதல் வயசுக்குள்ளயே தெரிஞ்சுடும். உடம்பு முழுக்க அதே ஜீன்தான், ஆனா அடி விழறது முக்கியமா சிவப்பணுக்களுக்கு. பி53 எகிறுறது அதுக்கு ஒரு முக்கியக் காரணம்னு ஆராய்ச்சியாளர்கள் கருதறாங்க. ஸ்டீராய்டு கேட்காத குழந்தைக்கு சில வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்தணும். ரத்தசோகை நிரந்தரமா தீர எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை வேணும்.

அந்த ரத்தம் எந்த ஷெட்லயும் தயாராகாது மக்களே. 18 வயசும் 45 கிலோவும் தாண்டின ஆரோக்கியமான ஆளுங்ககிட்டேயிருந்துதான் வரணும். நம்ம ராயபுரம் பக்கத்துல ஸ்டான்லி ஆஸ்பத்திரியில ரத்த வங்கி இருக்கு. போறதுக்கு முன்னாடி நல்லா சாப்பிட்டுட்டுப் போங்க.