நெஞ்சைக் கொடுத்தவனிடம் ருசு கேட்கும் சர்க்கார்!

சுதந்திர தினம் வந்துவிட்டால் போதும், மந்திரிகளுக்கு ஜவான்கள் மீது பாசம் பொங்கி வழிகிறது. மாலை என்ன, பொன்னாடை என்ன, மேடை முழக்கம் என்ன! கொடி இறங்கிய மறுநாள் அதே ஜவான் நோய்ச் சீட்டோடு வந்து நின்றால்? "ருசு எங்கே?" என்று கேட்கிறது சர்க்கார்.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில், மாஜி ராணுவத்தினர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவருடைய காகிதங்களைப் படித்துப் பார்த்தோம். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். காஷ்மீரப் பனியிலும் ராஜஸ்தான் மணலிலும் காவல் நின்றவர். பிறகு சமவெளி முகாம் ஒன்றில் இருந்தபோது மாரடைப்பு வந்தது. ஊனம் 30 சதவிகிதம் என்று மருத்துவ வாரியமே எழுதியது. 20 சதவிகிதம் இருந்தாலே ஊனப் பென்ஷனுக்கு வழியுண்டு. ஆனால் அடுத்த வரியிலேயே, நோய் சேவையால் வந்ததுமல்ல, சேவையால் முற்றியதுமல்ல, பரம்பரையே காரணம் என்று கைவிரித்துவிட்டது. இன்று அவர் ஓர் அச்சகத்தில் இரவுக் காவல் பார்க்கிறார்.

"அண்ணாச்சி, சேரும்போது மாரை அளந்து, ஓட விட்டு, மூச்சைப் பார்த்துத்தானே எடுத்தாக? அன்னைக்கு நல்லாயிருந்த நெஞ்சு, இன்னைக்கு மட்டும் எங்கப்பன் கொடுத்த நெஞ்சாப் போச்சா?" என்று அவர் கேட்டார். எந்த மந்திரி இதற்குப் பதில் சொல்வார்?

பதில் சர்க்காரின் சொந்த ஏட்டிலேயே இருந்தது. சேரும்போது நோய் என்று குறிப்பு எழுதப்படாவிட்டால், பின்னால் வந்த நோய் சேவையில் வந்ததாகவே கொள்ள வேண்டும். ருசுப்பிக்கும் பாரம் ஜவானுடையதல்ல. சந்தேகத்தின் பலன் அவனுக்கே. இவை 1982-ஆம் ஆண்டு விதிகள். 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி செய்தது.

ஆனால் இதய நோய் என்றால், வலி வந்ததற்கு முந்திய 14 நாளில் என்ன வேலை பார்த்தான் என்று கணக்குக் கேட்பது வாரியங்களின் வழக்கம். சமவெளி முகாம் என்றால் கதவடைப்பு! ரத்தக் குழாய் என்ன, பதினான்கு நாளிலா அடைபடுகிறது? குளிர் அதைச் சுருக்குகிறது. உயர்ந்த மலையில் பிராணவாயு குறைந்து ரத்தம் தடிக்கிறது. தூக்கமில்லாக் காவலும் குடும்பப் பிரிவும் ரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன. மலையில் பிடித்த நோய் சமவெளியில் வெடிக்கிறது.

மலையிலேயே மடிந்தவனுக்காவது நியாயம் கிடைத்ததா? 2013 ஜனவரியில் காஷ்மீர எல்லைக் கோட்டருகே, கடும் குளிரில் ரோந்து சென்ற ஒரு ஜவான் மூச்சடைத்து, இதயம் நின்று மாண்டான். அவன் மனைவிக்கு ராணுவத் தீர்ப்பாயம் கூடுதல் குடும்பப் பென்ஷன் அளித்தது. சர்க்கார் விட்டதா? சுப்ரீம் கோர்ட்டு வரை அந்த விதவையை இழுத்தது. 2024 டிசம்பரில் கோர்ட்டு அப்பீலைத் தள்ளி, 50,000 ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. 2025-இல் ஊனப் பென்ஷன் தீர்ப்புகளை எதிர்த்த ஏறக்குறைய 300 மனுக்களைத் தில்லி ஹைகோர்ட்டு தள்ளியது. ஜவானுக்குக் கொடுக்கப் பணமில்லை. வக்கீலுக்குக் கொடுக்க இருக்கிறது!

பொய் நோய் சொல்லிப் பென்ஷன் வாங்குகிறார்கள் என்பது இவர்கள் வாதம். 2023-இல் வந்த கணக்குத் தணிக்கை அறிக்கை என்ன சொல்கிறது? 2015-16 முதல் 2019-20 வரை ஓய்வு பெற்றவர்களில் ஊனப் பென்ஷன் பெற்றோர், அதிகாரிகளில் நூற்றுக்கு 36 முதல் 40; அதிகாரியல்லாதோரில் 15 முதல் 18. சந்தேகம் அதிகாரி மேல் என்றால், தண்டனை மட்டும் ஏன் ஜவானுக்கு?

விஸ்வநத்தம் மக்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல. பட்டாசு ஆலையில் வெடித்தால் தொழிலாளியின் அஜாக்கிரதை. பட்டாளத்தில் நெஞ்சடைத்தால் ஜவானின் பரம்பரை! உழைப்பை வாங்கியவன் மட்டும் எங்கும் குற்றவாளியல்ல. ஆலை முதலாளி பேசும் பாஷையைத்தான் தில்லி சர்க்காரும் பேசுகிறது.

இதய நோயாளி ஒருவர் 500 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து சென்னைத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டுமா? நாம் கோருகிறோம்: பதினான்கு நாள் கணக்கை ஒழி! சமவெளி, மலை என்ற பாகுபாட்டை ஒழி! தீர்ப்பாயத்தில் ஜெயித்தவர்கள் மீதான அப்பீல்களை வாபஸ் வாங்கு! 2023-இல் வந்த புதிய விதிகளிலும் ருசுப் பாரத்தைச் சர்க்கார் தலையிலேயே வை!

மாஜி ராணுவத்தினரும் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழிலாளரும் ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில் வாழ்பவர்கள். ஒன்றாக நின்று கேட்டால் பதில் வந்தே தீரும். நல்ல நெஞ்சை வாங்கிக்கொண்ட சர்க்கார், கெட்ட நெஞ்சுக்குக் கணக்குச் சொல்லட்டும்!