மரம் மக்கவில்லை, மக்க வைத்தார்கள்!

"மரத்தை நட்டு அதன்மேல் கட்டடமா? நாலு வருஷத்தில் மக்கிப் போகாதா?" என்று சிரிப்பவர்கள் ஆம்ஸ்டர்டாம் அரண்மனையைப் பார்க்க வேண்டும். 1648-ல் கட்டத் தொடங்கிய அந்தக் கல் மாளிகை இன்றும் 13,659 மரத்தூண்களின் மேல்தான் நிற்கிறது. வெனிஸின் சான் மார்க்கோ மணிக்கூண்டு 1902-ல் இடிந்து விழுந்தது. ஆனால் அடியிலிருந்த பழைய மரத்தூண்கள் கெடவில்லை! அவற்றை அப்படியே விட்டு, சுற்றிலும் புதிதாக அடித்து, 1912-ல் மீண்டும் எழுப்பினார்கள்.

ரகசியம் ஒன்றுமில்லை. மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஆக்சிஜன் வேண்டும். நிலத்தடி நீரில் முழுதாக மூழ்கிய மரத்துக்கு அது கிடைப்பதில்லை. நீர்மட்டம் இறங்கித் தூணின் தலை வெளியே தெரிந்தால் போச்சு, அன்றே அழுகல் ஆரம்பம்.

அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்தது இதுதான். ஆற்றோரச் சதுப்பை 19-ஆம் நூற்றாண்டில் மண் கொட்டித் தூர்த்து, பேக் பே பகுதியை மரத்தூண்கள் மேல் கட்டினார்கள். பிறகு சாக்கடைக் குழாய்களும் சுரங்கப்பாதைகளும் வந்தன. அவற்றின் ஓட்டை விரிசல்கள் வழியே நிலத்தடி நீர் வடிந்தது. 1929-லேயே நகரப் பொது நூலகத்தின் தூண்கள் அழுகியது தெரிந்தது. தனி வீடுகளின் கதி? சுவரில் விரிசல் விழுந்த பிறகு, அடியில் குழி தோண்டி, அழுகிய தலையை அறுத்து, இரும்பும் கான்கிரீட்டும் வைக்க வேண்டும். நீரை வடித்தது ஊர்ப் பொதுக் குழாய். பணம் கட்டுவது வீட்டுக்காரர். இது என்ன நியாயம்?

நீருக்கடியிலும் சில பாக்டீரியாக்கள் மரத்தை அரிக்கும் என்பது உண்மைதான். நெதர்லாந்தில் பைன் மரத்தூண்கள் அப்படிப் பலவீனமாகியிருக்கின்றன. ஆனால் அது பல பத்தாண்டுகள் எடுக்கும் மெதுவான வேலை. அதைச் சாக்காக வைத்து, நீரை வடித்தவர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது.

தீர்வும் பாஸ்டனிலேயே இருக்கிறது. 1986-ல் நிலத்தடி நீருக்கென்றே ஓர் அறக்கட்டளை அமைந்தது. கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தை அளந்து வருகிறது. 2006-ல் வந்த விதிப்படி, அந்தப் பகுதிகளில் பெரிய கட்டட வேலை செய்பவர்கள் மழைநீரை நிலத்துக்குள் இறக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் ஏற்கெனவே அழுகிய தூணுக்கு அது உயிர் கொடுக்காது.

ஆகவே மென்மண் நகரங்களில் பழுதான குழாயை அடைப்பதும் நீர்மட்டத்தைக் காப்பதும் நகராட்சியின் கடமை. அதைச் செய்யாமல் மரத்தின் மேல் பழி போடுவது, விளக்கை ஊதி அணைத்துவிட்டு எண்ணெய் சரியில்லை என்பது போல!