விலை பேசியாச்சு... ஆனா வீடு கைக்கு வருமா? இங்கிலாந்தில் வீடு வாங்குவோரின் தூக்கத்தைக் கெடுக்கும் 'இடைப்பட்ட மாதங்கள்'

"உங்க ஆஃபரை ஓனர் ஏத்துக்கிட்டாங்க." எஸ்டேட் ஏஜென்ட்டிடமிருந்து இந்த போன் வந்ததும் இங்கிலாந்தில் முதல் வீடு வாங்குபவருக்குப் பெரிய நிம்மதி. சனிக்கிழமைதோறும் வீடு வீடாக ஏறி இறங்கியது முடிந்தது. ஃபேமிலி குரூப்பில் போட்டோ போயாச்சு. எந்த ரூமில் கட்டில் போடலாம் என்கிற பேச்சும் ஆரம்பித்துவிட்டது.

ஆனால் சட்டத்தின் கண்ணில் இன்னும் எதுவுமே நடக்கவில்லை. ஓனர் நாளைக் காலையே மனசு மாறினால், வாங்குபவர் கேள்வி கேட்க முடியாது. இந்த நிலை ஒரு வாரம் இல்லை, பெரும்பாலும் சில மாதங்கள் நீடிக்கும். ஏன் இப்படி? என்னவெல்லாம் தப்பாகப் போகலாம்? பார்ப்போம்.

அந்த 'ஓகே'வுக்கு என்ன மதிப்பு?

நம்ம ஊரில் அட்வான்ஸ் கொடுத்து கிரய ஒப்பந்தம் எழுதிவிட்டால், வாங்குபவருக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தப் பிடி ரொம்பத் தாமதமாகத்தான் வரும்.

அங்கே விலை பேசி முடித்ததும் எல்லாக் கடிதங்களிலும் 'ஒப்பந்தத்துக்கு உட்பட்டது' என்ற வரி இருக்கும். அதாவது, இது வெறும் பேச்சு. 1989-ம் ஆண்டு சட்டத்தின்படி, நிலம், வீடு விற்பனை ஒப்பந்தம் எல்லா நிபந்தனைகளோடும் எழுத்தில் இருக்க வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இரு தரப்பும் ஒரே மாதிரியான பிரதிகளில் கையெழுத்துப் போட, அவர்களின் வழக்கறிஞர்கள் அதை மாற்றிக்கொள்வார்கள். இதுதான் 'ஒப்பந்தப் பரிமாற்றம்'. வழக்கமாக விலையில் 10% டெபாசிட் கட்டுவதும் அப்போதுதான்.

இதற்குப் பிறகு பின்வாங்கினால் வாங்குபவர் டெபாசிட்டை இழக்கலாம். விற்பவர் மீது வழக்குப் போடலாம். இதற்கு முந்தைய நிமிடம் வரை யார் வேண்டுமானாலும் எழுந்து போகலாம்.

பிணைப்பு இல்லை, செலவு மட்டும் உண்டு

இங்கேதான் சிக்கல். வீடு நிச்சயம் இல்லை, ஆனால் பணம் போக ஆரம்பித்துவிடும்.

முதலில் வழக்கறிஞர் கட்டணம். அடுத்து 'சர்ச்' எனப்படும் விசாரணைகள்: உள்ளாட்சி அமைப்பிடம் சாலை, கட்டட அனுமதி விவரங்கள், கழிவுநீர் இணைப்பு, வெள்ள அபாயம், சில பகுதிகளில் பழைய நிலக்கரிச் சுரங்கம் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். பிறகு சர்வே. இவர் நம்ம ஊர் சர்வேயர் மாதிரி நிலம் அளப்பவர் இல்லை. சுவரில் ஈரம், கூரையில் ஓட்டை, அஸ்திவாரத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பவர்.

டீல் முறிந்தால் இதில் பெரும்பகுதி திரும்பி வராது. அடுத்த வீட்டுக்கு மறுபடியும் முதலில் இருந்து.

எங்கெல்லாம் கைநழுவலாம்?

ஒரு தம்பதி 4.25 லட்சம் பவுண்டுக்கு வீடு பேசியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

1. வேறொருவர் அதிக விலை சொல்வது: இதற்கு 'கஸம்பிங்' என்று பெயர். வரும் ஆஃபர்களை ஓனரிடம் சொல்ல வேண்டியது ஏஜென்ட்டின் சட்டப்படியான கடமை. 'இனி எதையும் கொண்டுவராதே' என்று ஓனரே எழுதிக் கொடுத்திருந்தால்தான் விலக்கு. ஆக, ஏஜென்ட் துரோகம் செய்துவிட்டார் என்று கோபப்பட்டுப் பயனில்லை. இதன் மறுபக்கமும் உண்டு: கடைசி நேரத்தில் வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்வது.

2. வங்கியின் மதிப்பீடு: 'இந்த வீடு 4.10 லட்சம்தான் பெறும்' என்று வங்கி சொல்லிவிட்டால், மீதி 15,000 பவுண்டுக்கு ஓனரிடம் பேரம் பேச வேண்டும். இல்லையென்றால் கையில் இருந்து போட வேண்டும்.

3. கடன் கிடைக்குமா?: வங்கி முதலில் தரும் 'கொள்கை அளவிலான ஒப்புதல்' என்பது கடன் இல்லை. முழு ஆவணங்களையும் பார்த்த பிறகு வரும் முறையான கடிதம்தான் கடன். 2022 செப்டம்பர் 23 அன்று அப்போதைய நிதியமைச்சர் குவாசி குவார்டெங் மினி பட்ஜெட்டை அறிவித்த சில நாள்களில், வங்கிகள் நூற்றுக்கணக்கான கடன் திட்டங்களைத் திரும்பப் பெற்றன. முதல் ஒப்புதலை மட்டும் கையில் வைத்திருந்தவர்கள், கூடுதல் வட்டியில் மறுபடியும் கணக்குப் போட வேண்டியதாயிற்று.

4. ஃபிளாட் என்றால் இன்னும் கேள்விகள்: அங்கே பெரும்பாலான ஃபிளாட்கள் நீண்டகாலக் குத்தகை முறையில்தான் விற்கப்படுகின்றன. குத்தகையில் எத்தனை ஆண்டு பாக்கி, பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்ற விவரங்கள் நிர்வாக நிறுவனத்திடம் இருந்து வர வேண்டும். 2017-ல் லண்டன் கிரென்ஃபெல் டவர் தீ விபத்தில் 72 பேர் இறந்த பிறகு, வெளிச்சுவர்ப் பூச்சுப் பலகைகளின் பாதுகாப்பு பற்றியும் வங்கிகள் கேட்கின்றன.

தெரியாத ஒருவர் கையில் உங்கள் தேதி

நம்ம தம்பதிக்கு வீட்டை விற்பவர், அந்தப் பணத்தில் வேறொரு வீடு வாங்குகிறார். அந்த வீட்டுக்காரர் இன்னொன்றை வாங்குகிறார். இதை 'செயின்' என்கிறார்கள். ரயில் பெட்டிகள் மாதிரி எல்லாம் ஒன்றாகத்தான் நகரும். ஐந்தாவது பெட்டியில் யாருக்கோ கடன் மறுக்கப்பட்டாலும், விவாகரத்து என்றாலும் முதல் பெட்டியும் நின்றுவிடும்.

இந்தத் தாமதத்துக்கு விலையும் உண்டு. இங்கிலாந்தில் முதல் வீடு வாங்குவோருக்கு 4.25 லட்சம் பவுண்ட் வரை முத்திரை வரி இல்லை என்ற சலுகை 2025 மார்ச் 31-ல் முடிந்தது. ஏப்ரல் 1 முதல் வரம்பு 3 லட்சம். வரிக்கான கணக்கு பொதுவாக, சாவி கைமாறும் நாளை வைத்துத்தான். மார்ச் 31-ல் சாவி வாங்கியிருந்தால் நம்ம தம்பதிக்கு வரி பூஜ்யம். செயினில் யாரோ ஒருவரால் ஒரே ஒரு நாள் தள்ளிப்போயிருந்தால் 6,250 பவுண்ட்!

பயத்தைக் குறைக்க என்ன செய்யலாம்?

* ஆஃபர் ஏற்கப்பட்ட அன்றே, வீட்டை விற்பனைப் பட்டியலில் இருந்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சட்டப் பாதுகாப்பு இல்லை. ஆனால் ஓனரின் மனசு புரிந்துவிடும்.
* முறையான கடன் கடிதம் வரும் வரை வேலை மாறுவது, காருக்குப் புதுக் கடன் வாங்குவது வேண்டாம்.
* எல்லாச் செலவையும் முதல் வாரத்திலேயே கொட்டாதீர்கள். சர்வேயை முதலில் முடித்தால், வீட்டில் பெரிய பிரச்னை இருந்தால் மற்ற செலவு மிஞ்சும்.
* ஒப்பந்தப் பரிமாற்றம் முடியாமல் இப்போது இருக்கும் வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்காதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். டீல் முறிந்தால் அந்த வீடும் இல்லை, இந்த வீடும் இல்லை.
* 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று வழக்கறிஞர் பெயரில் இ-மெயில் வந்தால் உஷார். டெபாசிட்டைச் சுருட்டும் மோசடி இது. ஏற்கெனவே தெரிந்த நம்பருக்கு போன் செய்து கேட்ட பிறகே பணம் அனுப்புங்கள்.
* பரிமாற்ற நாளில் இருந்தே வீட்டுக்கான பொறுப்பு வழக்கமாக வாங்குபவர் தலையில் விழும். தனி வீடு என்றால் அன்றைக்கே கட்டடக் காப்பீடு தொடங்கியிருக்க வேண்டும்.

அரசு என்ன சொல்கிறது?

2025 அக்டோபரில் பிரிட்டன் அரசு இந்த முறையையே மாற்றும் யோசனையை முன்வைத்தது. வீட்டின் நிலை, குத்தகைச் செலவு, செயின் விவரம் எல்லாவற்றையும் விற்பவர் முதலிலேயே சொல்ல வேண்டும். இரு தரப்பும் விரும்பினால் தொடக்கத்திலேயே சட்டப்படி பிணைக்கும் ஒப்பந்தம் போடலாம் என்பது சாராம்சம். இதனால் சராசரியாக 4 வாரம் மிச்சமாகும், முதல் வீடு வாங்குவோருக்குச் சராசரியாக 710 பவுண்ட் சேமிப்பு என்பது அரசின் கணக்கு.

இது முதல் முயற்சி இல்லை. 2007-ல் விற்பவரே 'வீட்டுத் தகவல் தொகுப்பு' தயாரிக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். ஆனால் அதில் வீட்டின் நிலை பற்றிய அறிக்கை கட்டாயமாக்கப்படவில்லை. வாங்குபவர் எப்படியும் தனியாக சர்வே செய்ய வேண்டியிருந்ததால், விற்பவருக்குச் செலவு கூடியது. வாங்குபவரின் பயம் அப்படியே இருந்தது. 2010 மே மாதம் ஆட்சி மாறியதும் அது நிறுத்தப்பட்டது.

பக்கத்திலேயே ஸ்காட்லாந்தில் வேறு கதை. 2008 டிசம்பர் முதல் அங்கே பெரும்பாலான வீடுகளை விற்பனைக்குக் கொண்டுவரும்போதே சர்வேயருடைய அறிக்கையும் சேர்ந்து வரும். அங்கேயும் வழக்கறிஞர்களின் கடிதப் பரிமாற்றம் முடியும் வரை பிணைப்பு இல்லைதான். ஆனால் விலை சொல்வதற்கு முன்பே கூரை ஒழுகுமா என்று தெரிந்துவிடுகிறது.

புதிய யோசனையையும் இந்த அளவுகோலால்தான் பார்க்க வேண்டும். விற்பவர் தரும் தகவலை வங்கியும் வாங்குபவரின் வழக்கறிஞரும் நம்பி ஏற்பார்களா? ஏற்றால் அந்த இடைப்பட்ட மாதங்கள் சுருங்கும். இல்லையென்றால் இன்னொரு ஃபைல் கூடும், அவ்வளவுதான். அதுவரை, 'ஆஃபர் ஓகே' என்ற போன் வந்தால் சந்தோஷப்படலாம். வாடகை வீட்டைக் காலி செய்வதை மட்டும் கையெழுத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.