கூண்டுக்கும் வானத்துக்கும் இடையில்

வானில் பறப்பது பறவைகளின் உரிமை என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2011-இலும் தில்லி உயர் நீதிமன்றம் 2015-இலும் கூறின. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டபோது, இந்திய வீடுகளில் பரவலாக வளர்க்கப்பட்டுவரும் செந்தார்ப் பைங்கிளி அதன் இரண்டாம் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டது. அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றம். சட்டம் சொல்வதில் ஐயமில்லை. பறிமுதல் செய்யப்பட்ட கிளியை, அல்லது உரிமையாளரே முன்வந்து ஒப்படைத்த கிளியை, அடுத்த நாள் என்ன செய்வது என்பதே உண்மையான வினா.

கூண்டின் கதவைத் திறந்து பறவையைப் பறக்கவிடும் காட்சி காண்போர் மனத்துக்கு நிறைவளிக்கும். பத்தாண்டுகள் வீட்டுக்குள் வாழ்ந்த கிளிக்கு அது விடுதலை அன்று, கைவிடப்படுதல். வெட்டப்பட்ட சிறகிறகு முடியைப் போல வளர்வதில்லை. அந்த இறகு உதிர்ந்து, அவ்விடத்தில் புதியது முளைக்க வேண்டும். அதற்குப் பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுகூட ஆகும். இறகு முளைத்தாலும் பயன்படாதிருந்த மார்புத் தசை உடனே வலிமை பெற்றுவிடாது. சோறும் பிஸ்கட்டும் தின்று பழகிய பறவைக்குக் கொய்யாவும் கம்பங்கதிரும் உணவாகத் தெரியாமல் போகலாம். மனிதரையே தன் கூட்டமாக எண்ணி வளர்ந்த கிளி, வல்லூறைக் கண்டதும் பதுங்க வேண்டும் என்பதையும் பூனையிடமிருந்து விலகிப் பறக்க வேண்டும் என்பதையும் கற்றிருக்காது. பறக்கும் உரிமையை அறிவிக்க ஒரு தீர்ப்பு போதும். பறக்கும் ஆற்றலை மீட்கக் காலமும் இடமும் வேண்டும்.

அந்த இடம்தான் பறவைக்கூடம் எனப்படும் திறந்தவெளிப் பெருங்கூண்டு. கிளி கிடைமட்டமாகப் பறக்கும் பறவையாதலால், கூடத்துக்கு உயரத்தைவிட நீளம் முதன்மையானது. இரு முனைகளிலும் வெவ்வேறு தடிமன் கொண்ட வேப்பங்கிளைகளோ கொய்யாக் கிளைகளோ இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பறப்பதே உடற்பயிற்சியாகிவிடும். எலியும் பாம்பும் நுழைய முடியாத நெருக்கமான கம்பிவலை, பறவை தப்பாதிருக்க இரட்டைக் கதவு, மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஒரு பகுதிக்குக் கூரை ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள். கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்தில் புற ஊதாக் கதிர்களின் தேவையான பகுதி வடிகட்டப்பட்டுவிடுகிறது. நேரடி வெயில் கிடைத்தால்தான் வைட்டமின் டி உருவாகி, எலும்புக்கு வேண்டிய கால்சியத்தை உடல் ஏற்கும்.

கூடம் இருந்தால் மட்டும் போதாது. அதற்குள் செல்லும் வேகமும் முக்கியம். முதலில் ஒரு மாதமேனும் தனிமைப்படுத்தி, அலகு-இறகு நோய் போன்ற தொற்றுகள் உள்ளனவா எனக் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். பின்னர்ப் பழகிய சிறு கூண்டோடு பகலில் சில மணி நேரம் வெளியே வைத்து, அந்த நேரத்தை நாளுக்கு நாள் நீட்டலாம். தில்லியின் சனவரிக் குளிரும் சென்னையின் மே மாத வெயிலும் இதைத் தொடங்க ஏற்ற காலங்கள் அல்ல. பிற கிளிகளின் அருகே தனிக் கூண்டில் சில வாரங்கள் இருந்தபின் ஒரே கூடத்தில் சேர்த்தால் சண்டை குறையும். பழைய உணவை ஒரே நாளில் நிறுத்தாமல், புதியதைக் கலந்து கலந்து மாற்ற வேண்டும். எடை குறைதல், இறகை உப்பிக்கொண்டு ஒடுங்கியிருத்தல், உண்ண மறுத்தல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் ஒரு படி பின்வாங்குவதே அறிவு.

பறவைக்கூடமும் ஒரு கூண்டுதானே என்ற வாதம் எழுவது இயல்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் பறவையின் ஆற்றலைச் சுருக்குவதற்காகக் கட்டப்பட்ட கூண்டும், அதை மீட்பதற்காகக் கட்டப்பட்ட கூடமும் ஒன்றல்ல. மேலும், எல்லாப் பறவைகளையும் வெளியே விட முடியாது. சிறகெலும்பு ஊனமுற்ற கிளிக்கும், கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்ற பெயரில் விற்கப்படும் ஆஸ்திரேலியப் பட்ஜெரிகருக்கும் இந்திய வானம் வீடாகாது. அவற்றுக்குக் கூடமே இறுதி வரையிலான வாழிடம். செந்தார்ப் பைங்கிளி இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. எனவே அது ஒரு நீண்ட காலப் பொறுப்பு.

செலவைக் காரணம் காட்டி இதைத் தட்டிக்கழிப்பதும் ஏற்கத்தக்கதன்று. கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் வனவிலங்கியல் துறைகளும் வனத்துறையோடு இணைந்து, தத்தம் வளாகங்களில் இத்தகைய கூடங்களை நடத்தலாம். மாணவருக்கு அது களப்பயிற்சி, பறவைக்கு மறுவாழ்வு. பறிமுதல் ஆணையிலேயே மறுவாழ்வுக்கான இடத்தையும் கால அளவையும் குறிப்பிடுவது வழக்கமாக வேண்டும். விடுவிக்கப்படும் பறவைக்குக் கால்வளையம் இட்டு, ஆறு மாதத்துக்குப் பின் அது உயிரோடு உள்ளதா என்று பதிவுசெய்ய வேண்டும். எத்தனை கூண்டுகள் திறக்கப்பட்டன என்ற கணக்கு நிர்வாகத்துக்கு உரியது. எத்தனை பறவைகள் கூட்டத்தோடு சேர்ந்து அடுத்த பருவத்தையும் கண்டன என்ற கணக்கே சட்டத்தின் வெற்றியைச் சொல்லும்.