மந்தர ஸ்தாயியும் டிக்கிப் பெட்டியும்

காருடன் கம்பெனியே பொருத்தித் தரும் சப்வூஃபரைக் கழற்றிவிட்டு வெளிக்கடையில் வேறொன்றை மாட்டிக்கொள்வதை நாம் குறைகூறப் போவதில்லை. இருக்கைக்கு அடியிலோ உதிரிச் சக்கரத்தின் குழியிலோ எஞ்சிய இடத்தில் ஒடுங்கிக் கிடக்கும் அச்சாதனத்தின் எல்லை குறுகியதுதான். ஒலியைக் கூட்டக் கூட்ட, கூம்பைக் காப்பாற்றும் பொருட்டுத் தாழ்ந்த சுரங்களைத் தானாகவே குறைத்துக்கொள்ளும் கார்களும் உண்டு. நம் கேள்வி, எதைக் கேட்பதற்காக மாற்றுகிறோம் என்பது.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் முதலில் காதில் விழுவது வாட் கணக்கு. அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பது கணநேர உச்சம். தொடர்ந்து தாங்கக்கூடிய ஆர்.எம்.எஸ். அளவு சிற்றெழுத்தில் ஒரு மூலையில் இருக்கும். பெட்டி எத்தனை லிட்டர் என்று கேட்கும் விற்பனையாளர் அகப்பட்டால் வாசகர்கள் அவரை விட்டுவிடலாகாது.

ஏனெனில் சூட்சுமம் பெட்டியில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், அவரையடுத்து ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் வகுத்த கணக்கின்படி, கூம்பும் அதன் பின்னே அடைபட்ட காற்றும் சேர்ந்தே ஒரு வாத்தியம். குடம் மாறினால் வீணை வேறாகிவிடுவதைப் போல. சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, குறைந்த மின்சாரத்தில் மிகுந்த சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறமுடியும் என்றார் ஆன்டன் ஹாஃப்மன். (இவர் பியானோ மேதை யோசஃப் ஹாஃப்மனின் புதல்வர். தந்தையோ வாகன அதிர்வுதாங்கிக்குக் காப்புரிமை பெற்றவர்! தந்தை அடக்கப் பார்த்த குலுக்கலை, மகனின் விதியை மறந்து நாம் மீட்டெடுத்துக்கொண்டிருக்கிறோம்.)

மின்தடையையும் பார்க்கவேண்டும். 2 ஓமுக்கென வடிவமைத்த கம்பெனி ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் கிடைக்கும் மின்திறன் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பிறகு தனி ஆம்ப்ளிஃபயர், பாட்டரியிலிருந்து தடித்த ஒயர், ஃபியூஸ் என்று செலவு நீளும். எஞ்சின் இரைச்சலை மைக்கினால் ஒற்றுக்கேட்டு, எதிர் அலை எழுப்பி அமுக்கும் கார்களில் இன்னொரு வம்பு. புதிய சப்வூஃபரின் சங்கீதத்தையே இரைச்சலென்று கருதி அவ்வேற்பாடு மல்லுக்கு நிற்கும்; காருக்குள் ஓர் உறுமல் எழும். அந்த வசதியைத் துண்டித்தாக வேண்டும்.

இவையெல்லாம் பணத்தாலும் பொறுமையாலும் தீர்பவை. நம்மை உறுத்துவது வேறு. இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸ் கிடார் வெறும் தாளத் துணை அன்று. பாடும் குரலுக்கு அடியில் தனக்கென ஒரு மெட்டைப் பேசிக்கொண்டே செல்வது. அவ்வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பொருந்தாத பெட்டியில் திணித்த 12 அங்குலக் கூம்போ ஒரே சுரத்தில்தான் கர்ஜிக்கும். மெட்டு ஏறினாலும் இறங்கினாலும் அதே ‘தும்’. மிருதங்கத் தொப்பியின் கும்கியும் அதில் மூழ்கிவிடும். தேநீர்க்கடை டேப்ரிக்கார்டரில்கூட மேல் அதிர்வுகளின் வழியே அந்த மெட்டைப் பின்தொடர முடிந்தது. இத்தனை ஆயிரங்களைச் செலவழித்து அதையும் தொலைப்பானேன்?

எம் தேர்வு, அளவறிந்து செய்த மூடிய பெட்டியில் 8 அல்லது 10 அங்குலக் கூம்பு. 80 ஹெர்ட்ஸுக்கு மேல் அது வாய் திறவாதபடி ஒரு வெட்டு. கடைக்காரரின் ‘டெமோ’வை மறுத்துவிட்டு, மனப்பாடமான ஒரு பாடலைக் கொண்டுபோங்கள். சப்வூஃபரை முற்றாக அணைக்கச் சொல்லி, பின் சிறிது சிறிதாகக் கூட்டச் சொல்லுங்கள். டிக்கிப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தோன்றும்போது அளவு மிஞ்சிவிட்டது. ஒரு திருகு குறைத்துவிட்டுப் பணத்தைக் கட்டலாம்.