மூணு தரம் சொன்ன பிறகுதான் காத்திருப்பு!

தேனி மாவட்டத்தில் 'ஏலம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, இடுக்கி மலையில் விளைந்து போடிநாயக்கனூருக்கு இறங்கி வரும் காய். இன்னொன்று, அந்தக் காயை விற்கும் முறை. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையத்தில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மாதிரிக் காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, பட்டனைத் தட்டுகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு லாட் விலை முடிந்து அடுத்தது வந்துவிடுகிறது.

கடனைக் கட்ட முடியாமல் வங்கியின் ஏலத்துக்கு வரும் வீடும் இப்போது பட்டன் தட்டித்தான் விலை போகிறது. ஆனால், ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஏலம் முடிந்ததும் காய் மூட்டையாக நம்பிக் கைக்கு வரும். வீடு அப்படி வராது. 'மூணு தரம்' சொல்லி முடித்த நிமிடத்திலிருந்துதான் அங்கே காத்திருப்பே ஆரம்பம்.

உதாரணத்துக்குக் கம்பத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். கணவர் திராட்சைக் கமிஷன் கடையில் கணக்கு எழுதுபவர். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. சின்னமனூரில் ஒரு மாடி வீடு வங்கி ஏலத்துக்கு வருகிறது. அக்கம்பக்கத்து விலையைவிட ஏழெட்டு லட்சம் குறைவு. 'ஆவணியில் ஏலம் எடுத்தால் தையில் பால் காய்ச்சிவிடலாம்' என்று இருவரும் மனக்கணக்குப் போடுகிறார்கள். இந்தக் கணக்கு எங்கெல்லாம் இழுபடும் என்பதை ஏலத்துக்கு முன்பே தெரிந்துகொண்டால் பாதி நெஞ்சுவலி குறையும்.

வங்கிக்கு என்ன அதிகாரம்?

2002-ல் வந்த சர்ஃபாசி சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. கடன் வாராக் கடனாகிவிட்டால், கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ள இது வங்கிக்கு அதிகாரம் தருகிறது. முதலில் 60 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ். அதற்குள் கட்டாவிட்டால், சொத்தைச் சுவாதீனம் எடுத்ததாக வாசலில் அறிவிப்பு ஒட்டி, பத்திரிகைகளிலும் வெளியிடுவார்கள். பிறகு விற்பனை அறிவிப்பு. அதில் ஒரு பத்திரிகை உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். இப்போது பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளை, 2025 ஜனவரியில் தொடங்கிய 'பேங்க்நெட்' தளத்திலும் பார்க்கலாம்.

அறிவிப்பில் 'சுவாதீனம்' என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். 'நேரடி' என்றால் வீட்டைக் காலி செய்து, பூட்டி, சாவியை வங்கி வைத்திருக்கிறது. 'அடையாள' என்றால் காகிதத்தில் மட்டும்தான் சுவாதீனம். உள்ளே ஆள் குடியிருக்கிறார்கள், அடுப்பு எரிகிறது. விலை குறைவாக இருப்பதன் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு வார்த்தையில் ஒளிந்திருக்கும்.

வாங்குபவரின் கடிகாரம் வேகமாக ஓடும்

சின்னமனூர் வீட்டின் குறைந்தபட்ச விலை 28 லட்சம் என்றும், நம் தம்பதி 30 லட்சத்துக்கு ஏலம் எடுத்தார்கள் என்றும் வைத்துக்கொண்டால் கணக்கு இப்படிப் போகும். ஏலத்தில் கலந்துகொள்ளவே முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். வழக்கமாக அது குறைந்தபட்ச விலையில் 10 சதவிகிதம், அதாவது 2.80 லட்சம். ஏலம் கிடைத்த அன்றே, அதிகபட்சம் அடுத்த வேலை நாளுக்குள், ஏலத் தொகையில் 25 சதவிகிதத்தை எட்டியாக வேண்டும். அதாவது 7.50 லட்சம். ஏற்கெனவே கட்டியது போக 4.70 லட்சம் உடனே புரட்ட வேண்டும். விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளுக்குள் மீதி 22.50 லட்சம். எழுத்துபூர்வமாக ஒப்புக்கொண்டால் இந்தக் கெடுவை நீட்டிக்கலாம். ஆனால், மொத்தம் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது.

கெடு தவறினால்? கட்டிய பணம் போய்விடும். தமிழகத்தில் நடந்த ஒரு ஏலத்தில் 25 சதவிகிதம் கட்டியவரால் மீதியைக் கட்ட முடியாமல் போனது. அவர் கட்டியிருந்தது மூன்று கோடி ரூபாய்க்கும் மேல். வங்கி அதை அப்படியே எடுத்துக்கொண்டது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

'ஏலம் கிடைக்கட்டும், பிறகு லோனுக்கு அலையலாம்' என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சாதாரண வீட்டுக்கே ஆவணங்களைச் சரிபார்த்து லோன் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். ஏல வீட்டுக்கு அந்தப் பேச்சை ஏலத்துக்கு முன்பே முடித்து வைத்திருக்க வேண்டும்.

மற்றவர்களின் கடிகாரம் மெதுவாக ஓடும்

முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. வங்கி அதிகாரி விற்பனைச் சான்றிதழ் கொடுத்துவிட்டார். பத்திரப்பதிவு வேலையும் முடிந்தது. இனி வீட்டுக்குள் போக வேண்டியதுதானே?

உள்ளே இருப்பவர்கள் வெளியேற மறுத்தால், வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நீதித்துறை நடுவரிடமோ மனு போட வேண்டும். 30 நாளில், அதிகபட்சம் 60 நாளில் உத்தரவு பிறப்பிக்க வேண்டும் என்று சட்டத்தின் 14-வது பிரிவு சொல்கிறது. ஆனால், இந்தக் கெடு தாண்டிவிட்டது என்பதற்காக ஆட்சியரின் அதிகாரம் போய்விடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நடைமுறையில் இதன் அர்த்தம், கெடு தாண்டலாம் என்பதுதான்.

கடன் வாங்கியவருக்கும் உரிமை உண்டு. வங்கி நடவடிக்கை எடுத்த 45 நாளுக்குள் அவர் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு அது மதுரையில் இருக்கிறது. நோட்டீஸ் சரியாக வந்து சேரவில்லை, உரிய நாள் இடைவெளி விடவில்லை, மதிப்பைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று அவர் சொல்லும் குறை உண்மையாக இருந்தால் ஏலமே ரத்தாகலாம். இப்படிப்பட்ட மனுவை 60 நாளில், அதிகபட்சம் நான்கு மாதத்தில் முடிக்கச் சொல்கிறது சட்டம். வாய்தாக்களின் கணக்கு வேறு.

இங்கே வாங்குபவருக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. முன்பெல்லாம் ஏலம் முடிந்த பிறகும் 'பணத்தைக் கட்டி மீட்டுக்கொள்கிறேன்' என்று கடன்காரர் வந்து நிற்பது வழக்கம். 2016-ல் சட்டம் மாறியது. மும்பையைச் சேர்ந்த ஒரு வழக்கில் 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது: ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் மீட்கும் உரிமை.

காத்திருப்புக்கும் விலை உண்டு

நம் தம்பதி 20 லட்சம் லோன் எடுத்திருந்தால், 9 சதவிகித வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 18,000 ரூபாய். சாவி கைக்கு வர ஆறு மாதம் ஆனால், குடிபோகாத வீட்டுக்கு 1.08 லட்சம் தவணை கட்டியிருப்பார்கள். கம்பத்து வீட்டு வாடகை தனி. வக்கீல் செலவு, மதுரைக்கு அலையும் செலவு தனி.

ஏலம் கேட்பதற்கு முன் வீட்டில் நடக்க வேண்டிய பேச்சு இதுதான். "ஏழு லட்சம் லாபம்னு சொல்றீங்களே, ஒரு வருஷம் இழுத்துச்சுன்னா தாங்குவோமா?" என்று மனைவி கேட்டால், அதற்குக் கணவரிடம் பதில் இருக்க வேண்டும். விலையில் குறைகிற ஏழெட்டு லட்சம் சும்மா கிடைப்பதில்லை. காத்திருப்பதற்காகக் கொடுக்கப்படும் கூலி அது. காத்திருக்க வசதி இல்லாதவர்களுக்கு, நகையை எல்லாம் அடகு வைத்து 25 சதவிகிதம் கட்டுபவர்களுக்கு, அந்த வீடு மலிவான வீடே அல்ல.

பள்ளத்தாக்குக்கே உரிய ஒரு சிக்கல்

கம்பம் பள்ளத்தாக்கில் வீடும் தோட்டமும் ஒட்டியே இருக்கும். பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு நடுவே ஒரு வீடு, தென்னந்தோப்பின் ஓரத்தில் ஒரு வீடு என்று ஏல அறிவிப்பில் வந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. விவசாய நிலத்தின் மீதான அடமானத்துக்கு சர்ஃபாசி சட்டம் பொருந்தாது. 'இது விவசாய நிலம்' என்று கடன்காரர் தீர்ப்பாயத்தில் நிரூபித்துவிட்டால் ஏலமே நிற்காது. பட்டாவில் நன்செய், புன்செய் என்று எழுதியிருப்பது மட்டும் முடிவான சாட்சி ஆகாது. நிலம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்பதையும் பார்ப்பார்கள். அந்த வழக்கு முடியும்வரை காத்திருப்பது ஏலம் எடுத்தவர்தான்.

இன்னொன்று பாக்கிகள். ஏல அறிவிப்பில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி இருக்கும். பழைய சொந்தக்காரர் வைத்துவிட்டுப்போன மின்கட்டணப் பாக்கியை, மின்வாரிய விதிகளில் இடமிருந்தால், ஏலம் எடுத்தவரிடம் கேட்கலாம் என்று 2023 மே மாதம் கேரள மின்வாரியம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டு வரி, தண்ணீர் வரி பாக்கியையும் முன்கூட்டியே விசாரித்துவிடுவது நல்லது.

'வயித்தெரிச்சல் வீடு' நமக்கு எதுக்கு?

ஏல வீடு என்றதும் அப்பத்தாக்கள் சொல்லும் முதல் வார்த்தை இது. சின்ன ஊரில் யார் வீடு ஏலத்துக்குப் போனது என்று எல்லோருக்கும் தெரியும். நாளைக்குச் சந்தையில், கோயில் திருவிழாவில் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். அந்தத் தயக்கம் நியாயமானதே.

ஆனால், சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. ஏலத் தொகையில் வங்கி தன் பாக்கியையும் செலவையும் எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருந்தால், அதற்கு வேறு யாரும் உரிமை கோராதபட்சத்தில், அது கடன் வாங்கியவருக்கே போக வேண்டும். யாரும் கேட்காமல் வீடு அடிமாட்டு விலைக்குப் போவதைவிட, நியாயமான விலைக்கு ஒருவர் கேட்பது அந்தக் குடும்பத்துக்கும் நல்லது.

மூவரும் ஒரே மேஜையில்

அமெரிக்காவில் 2008 வீட்டுக் கடன் நெருக்கடிக்குப் பிறகு 'ஷார்ட் சேல்' என்ற சொல் பிரபலமானது. கடன் பாக்கியைவிட வீட்டின் விலை குறைந்துபோனால், துண்டு விழும் தொகையை விட்டுக்கொடுத்து, உரிமையாளரே வீட்டை விற்க வங்கி சம்மதிப்பது. விற்பவரும் வாங்குபவரும் கைகுலுக்கிய பிறகும் வங்கியின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் அங்கே ஏராளம்.

இங்கேயும் அதற்கு நெருக்கமான வழி ஒன்று உண்டு. ஏல அறிவிப்பு வருவதற்கு முன்பே, வீட்டுக்காரர் வங்கியோடு 'ஒரே தவணையில் தீர்வு' பேசி, வாங்குபவர் தரும் பணத்தில் கடனை அடைத்து, முறைப்படி கிரயம் செய்து கொடுப்பது. இதிலும் வங்கியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். ஆனால், வீட்டுக்காரரே மனமுவந்து சாவியைக் கொடுப்பதால் ஏலத்துக்குப் பிந்தைய இழுபறி இல்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பணம் வீட்டுக்காரர் கைக்குப் போகாமல், வங்கியின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடு நேராகக் கடன் கணக்குக்குப் போக வேண்டும். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்த விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது.

எந்த வழியில் போனாலும், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை இவை. வில்லங்கச் சான்றிதழையும் பட்டாவையும் ஒரு வக்கீலிடம் காட்ட வேண்டும். மதுரைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருநாள் சாயங்காலம் அந்தத் தெருவுக்கே போய், வீட்டில் விளக்கு எரிகிறதா, குடியிருப்பது உரிமையாளரா வாடகைக்காரரா என்று விசாரிக்க வேண்டும். அடமானத்துக்கு முன்பே வந்த வாடகைக்காரர் என்றால் அவருக்குத் தனி உரிமை இருக்கலாம். கடைசியாக வங்கி அதிகாரியிடம் ஒரே ஒரு கேள்வி: "சார், சாவி இப்ப யார்கிட்ட இருக்கு?" அதற்கு அவர் சொல்லும் பதிலை வைத்துத்தான் தையில் பால் காய்ச்சலாமா, அடுத்த தைக்கா என்று நாள் குறிக்க வேண்டும்.