நயினாதீவில் கிடைக்கும் சுடுதேத்தண்ணி நம் மலையில் ஏன் இல்லை?

ஆனித் திருவிழாவுக்கு நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிட மலையகத்திலிருந்தும் நம் சனம் போகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் வரை பஸ், பிறகு படகு. போய் வந்தவர்கள் அம்மனைப் பற்றிச் சொல்வதோடு அங்குள்ள தண்ணீரைப் பற்றியும் சொல்வார்கள்.

தீவின் நிலம் சுண்ணாம்புக்கல். மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய படையாகத் தங்குகிறது. கிணற்றை அளவுக்கு மேல் இறைத்தால் உவர் ஏறிவிடும். சுண்ணாம்பு கூடிய தண்ணீரில் தேயிலை போட்டால் சாயம் கறுக்கும், மேலே ஆடை படியும், மணம் எழும்பாது. நல்ல தண்ணீருக்கு அவ்வளவு பாடுபட வேண்டிய ஊர் அது. ஆனாலும் கடையில் கேட்டால் சுடச்சுடத் தேத்தண்ணி வரும். கோயிலின் அமுதசுரபி மண்டபத்தில் அடியார்களுக்கு அன்னதானம் நடக்கும். தண்ணீரின் அருமை தெரிந்தவர்கள், வந்தவரின் தாகத்தையும் தெரிந்திருக்கிறார்கள்.

இனி நம் மலையைப் பார்ப்போம். தேயிலைக்கு ஏற்ற மென்மையான ஊற்றுத் தண்ணீர் இங்கே இருக்கிறது. கொழுந்தும் இங்கேதான். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். 18 கிலோ எடுக்கும் ஒரு பெண்ணின் கூடையிலிருந்து சுமார் 4 கிலோ தேயிலை. கோப்பைக்கு 2 கிராம் என்று வைத்தால் 2000 கோப்பை. ஒரே நாளில் 2000 கோப்பைக்குக் கொழுந்து எடுத்தவள், தன் ஒரு கோப்பையைப் பழைய சோடாப் போத்தலில் ஆறிப்போனதாகக் குடிக்கிறாள். விடியலில் லயத்தில் ஊற்றி எடுத்த சாயம் அது.

நல்ல தேத்தண்ணிக்குப் பெரிய வசதி வேண்டியதில்லை. கொதித்த தண்ணீர், மூடியுள்ள ஒரு கேத்தல், ஒரு வடி, இவ்வளவுதான். ஆளுக்கு ஒரு சிறு கரண்டி தேயிலை போட்டு மூடி வைத்தால் தூளுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். பெரிய இலைக்கு ஐந்து நிமிடம். பிறகு கட்டாயம் வடித்துவிட வேண்டும். பிளாஸ்க்கில் தேயிலையோடு மணிக்கணக்கில் வைத்தால் கசப்பும் துவர்ப்பும் ஏறும். பிளாஸ்க் உள்ளவர்கள் சுடுதண்ணீரைத் தனியாகவும் தேயிலையைச் சிறு டப்பாவிலும் கொண்டுபோய், குடிக்கும் நேரத்தில் ஊற்றுவது நல்லது. ரொட்டி சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடிப்பதையும் தவிர்க்கலாம். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும். இரத்தசோகை அதிகமுள்ள நம் பெண்களுக்கு ஒரு மணிநேர இடைவெளி முக்கியம்.

ஆனால் ஆளுக்கொரு பிளாஸ்க் வாங்குவதோடு இந்த விஷயம் முடியாது. வேலைத்தளத்தில் குடிதண்ணீர் வைப்பது வேலை வாங்குபவரின் பொறுப்பு. இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே இதை எழுதி வைத்தது: வசதியான இடங்களில் போதிய குடிதண்ணீர் வைக்க வேண்டும், 150 பேர் வேலை செய்யும் தோட்டங்களில் சிற்றுண்டிச்சாலை அமைக்க அரசு விதி செய்யலாம். நீலகிரியிலும் வால்பாறையிலும் கொழுந்தெடுக்கும் நம் உறவுகளுக்காக எழுதப்பட்ட சட்டம் அது. எழுதியதெல்லாம் நடந்தது என்று சொல்லவில்லை. கேட்பது சலுகை அல்ல, உரிமை என்று சொல்கிறோம்.

நேரம் வீணாகும் என்று நிர்வாகம் சொல்லலாம். குளிரிலும் மழையிலும் விறைத்த விரல் வேகமாகக் கொழுந்து எடுக்குமா? தேத்தண்ணி வாளி மலைக்கு வரும் தோட்டங்களும் உண்டு. அங்கே முடிவது மற்ற இடங்களில் ஏன் முடியாது?

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். மலையில் மலசலகூடம் இல்லாததால் பல பெண்கள் தண்ணீரே குடிக்காமல் நாளை ஓட்டுகிறார்கள். சிறுநீர் கடுப்பும் தலைச்சுற்றும் அதனால் வருகின்றன. கூடம் இல்லாமல் தேத்தண்ணி மட்டும் கொடுத்தால் பாதிப் பெண்கள் அதைத் தொடமாட்டார்கள். இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஆகவே அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் இந்த நான்கையும் எழுத்தில் வைக்க வேண்டும்: கொழுந்து நிறுக்கும் இடத்தில் மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, சுடுதண்ணீர் காய்ச்ச ஓர் ஆள், அவருக்கு முழுப்பேர், காலையில் பேரில் கை வைக்காத பதினைந்து நிமிடம், பக்கத்திலேயே பெண்களுக்கு ஒரு மலசலகூடம். தேயிலை? அது நாம் எடுத்ததுதான்.